பத்திரப் பெட்டியில் ஒரு பிணம்

லண்டனில் ஹோபர்ன் பக்கம் ஒரு பழைய சொலிசிட்டர் அலுவலகத்தில் பதிவறைக் குமாஸ்தாவாக நான்கு வருடம் இருந்தேன். பதிவறை அடித்தளத்தில். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடிந்துபோன கோப்புகளைப் பிரித்துப் பார்த்து, எதை அழிக்கலாம், எதை வைத்திருக்க வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை. சாதாரண ஒப்பந்தம் என்றால் வழக்குப் போடும் காலவரம்பு 6 வருடம். முறைப்படி சாட்சி வைத்து எழுதிய பத்திரம் என்றால் 12. அந்தக் கெடு தாண்டியவை அரவை இயந்திரத்துக்குப் போகும். உயிலை மட்டும் தொடக்கூடாது. வீட்டுப் பத்திரங்களிலும் கை வைக்குமுன் பத்து முறை யோசிக்க வேண்டும். நிலத்தை விற்றால் அரசுப் பதிவேட்டில் ஏற்றியே ஆகவேண்டும் என்ற விதி இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் வந்தது 1990 டிசம்பரில்தான். அதற்கு முன்னால் பல ஊர்களில், ரோஸ் நாடாவால் கட்டிய பழைய காகிதக் கட்டுதான் வீட்டுக்காரன் என்பதற்கு அத்தாட்சி. ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'காகிதத்துக்குக் கருமாதி பண்றேன்' என்பேன்.

வாசலில் காவலுக்கு இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே என் அடையாள அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இதென்ன தம்பி, அப்பாவின்ர பேரைக் கழுத்தில கட்டிக்கொண்டு திரியிறீர்?" விசா விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்து, அங்கே எழுத வேறொன்றும் இல்லாமல் அப்பா பெயரை எழுதி வைத்த வினை அது. மதுரை தாண்டி அதிகம் போகாத மனிதர் என் அப்பா. அவர் பெயருக்கு லண்டனில் தினமும் பத்து மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது.

தேநீர் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தக அலமாரி. வேண்டியதை எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம். அதை நிரப்பி வைத்தவர் அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்த ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. பதிவறையில் எனக்கு மூத்தவர், அதிகம் பேசமாட்டார். அலமாரியில் முக்கால்வாசி துப்பறியும் நாவல்கள். பச்சை அட்டைப் பெங்குயின்கள் ஒரு வரிசை. பெங்குயின் பதிப்பகம் 1935இல் தொடங்கியபோதே துப்பறியும் கதைக்குப் பச்சை, மற்ற நாவலுக்கு ஆரஞ்சு என்று நிறம் பிரித்துவிட்டார்கள். பழுப்பேறி, புரட்டினால் உதிர்கிற தாள். சில அட்டைகளில் இன்னும் 2/6 என்று விலை: இரண்டு ஷில்லிங், ஆறு பென்ஸ். பக்கத்திலேயே பிரிட்டிஷ் லைப்ரரி மறுபதிப்புகள் பளபளப்பாக. மறந்துபோன எழுத்தாளர்களைத் தூசி தட்டி எடுத்துப் போடும் வரிசை அது. ஜெஃபர்சன் ஃபார்ஜியன் 1937இல் எழுதிய பனிக்காலக் கதை ஒன்றை 2014 கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கொண்டுவர, அது விற்றுத் தள்ளிய பிறகு இந்த வகைக்கே மறுபடி மவுசு வந்துவிட்டது.

எனக்கு இந்த உலகம் புதிதில்லை. கல்லூரி நாட்களில் மதுரையில் ஒரு வாடகைப் புத்தகக் கடையில் நாளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்து அகதா கிறிஸ்டி வாங்கிப் படித்தவன்தான். படித்தேன் என்பதைவிட ஓடினேன் என்பது சரி. கடைசி அத்தியாயத்துக்கு ஓட்டம். கொலைகாரன் யார் என்று தெரிந்ததும் புத்தகம் செத்துவிடும், மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இருபது வருடம் கழித்து அந்த அடித்தளத்தில் மறுபடி எடுத்தபோது, கொலைகாரனைவிட மற்றவர்கள்மேல்தான் கண் போனது. காரணம், முதலில் கைக்கு வந்த புத்தகம்.

மைக்கேல் கில்பர்ட்டின் 'ஸ்மால்போன் டிசீஸ்ட்'. 1950இல் வந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள லிங்கன்ஸ் இன் என்ற பழைய வக்கீல் வளாகம்தான் களம். ஒரு சொலிசிட்டர் அலுவலகம். அதன் மூத்த பங்குதாரர் ஏபல் ஹார்னிமன் இறந்துவிட்டார். அவர் கட்டிவைத்த கோப்பு முறை மட்டும் சாகவில்லை. முக்கியக் கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்திரப் பெட்டி, எதற்கும் ஒரு இடம், எந்த இடத்துக்கும் ஒரு குறிப்பு. அலுவலகமே அந்த முறையைக் கும்பிடுகிறது. ஒருநாள் ஒரு டிரஸ்டின் பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே இருக்க வேண்டிய காகிதங்கள் இல்லை. அந்த டிரஸ்டின் டிரஸ்டிகளில் ஒருவரான ஸ்மால்போன் இருக்கிறார், பிணமாக.

புத்தகத்தை மூடிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். எங்களுடையவை அட்டைப்பெட்டிகள், பட்டைக்குறி ஒட்டியவை. அதிகபட்சம் ஒரு பூனையை ஒளிக்கலாம்.

கொலையைவிட எனக்கு ருசித்தது மற்ற சங்கதிகள். தட்டச்சுப் பெண்களின் வம்பு, யார் யாரிடம் நேராகப் பேசலாம் என்கிற சாதி அடுக்கு, சாவி யாரிடம், ஒரு கடிதம் எத்தனை கை மாறி வெளியே போகிறது. இதையெல்லாம் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது. கில்பர்ட் தானே சொலிசிட்டர். கென்ட் பகுதியிலிருந்து லண்டனுக்கு வேலைக்கு வரும் ரயிலில்தான் நாவல்களை எழுதினார். அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லருக்கு உயில் தயாரித்துக் கொடுத்ததும் அவர்தான். நான் ஈஸ்ட் ஹாமில் ஏறி மைல் எண்டில் மாறி வருவேன். எழுதுவதை விடுங்கள், புத்தகத்தைப் பிரிக்க முழங்கையை மடக்கவே இடமிருக்காது.

அதற்குப் பிறகு அலமாரியில் எதை எடுத்தாலும் 'இவர் பகலில் என்ன வேலை பார்த்தார்' என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. டோரதி சேயர்ஸ் 1922 முதல் 1931 வரை ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதினார். 1933இல் வந்த நாவலில், ஒரு விளம்பர நிறுவனத்தின் இரும்புச் சுழற்படியில் ஒருவனை விழ வைத்தார். சிசில் டே-லூயிஸ் பின்னாளில் அரசவைக் கவிஞர் ஆனவர். போர்க்காலத்தில் தகவல் அமைச்சகத்தில் வேலை பார்த்தார், நிக்கலஸ் பிளேக் என்ற பெயரில் 1947இல் எழுதிய நாவலில் கொலை ஒரு அமைச்சக அலுவலக அறைக்குள்ளேயே நடக்கிறது. கிறிஸ்டியானா பிராண்ட் கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றவர். கூட வேலை பார்த்த ஒருத்தியின் தொல்லை தாங்காமல், அவளைக் கொல்வதாகக் கற்பனை செய்து எழுதியதுதான் 1941இல் வந்த முதல் நாவல். மனிதவளத் துறைக்குப் புகார் எழுதுவதைவிட இது மேல் என்றுதான் தோன்றுகிறது.

பிராண்டின் 'கிரீன் ஃபார் டேஞ்சர்' பற்றி இரண்டு வரி சொல்லாவிட்டால் மனசு கேட்காது. 1944இல் வந்தது. கென்ட்டில் ஒரு ராணுவ மருத்துவமனை, மேலே குண்டுவீச்சு. கதை ஒரு தபால்காரரோடு தொடங்குகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார், கையில் ஏழு கடிதங்கள். பின்னால் அவரே அறுவைசிகிச்சை மேசையில் சாகப்போகிறார். அந்தக் கடிதங்களை எழுதிய ஏழு பேருக்குள்தான் கொலைகாரர். தபால்காரர் செய்துகொண்டிருந்தது தினப்படி வேலை. எப்படிச் செத்தார் என்பதற்கான விடையும், அந்த அறையில் தினமும் புழங்குகிற ஒரு சாதாரணப் பொருளில்தான் இருக்கிறது. அதற்குமேல் சொன்னால் பாவம்.

இவற்றில் குறை இல்லாமல் இல்லை. வேலைக்காரப் பெண் வாய் திறந்தால் கொச்சைப் பேச்சு, வாசகர் சிரிக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் வந்தால் ஒரு நெளிவு. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை வகுத்தார். துப்பறிபவர் கண்ணில் படும் தடயம் ஒவ்வொன்றையும் வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. கதையில் சீனாக்காரர் வரக்கூடாது என்பது இன்னொன்று. அந்தக்கால மலிவு நாவல்களில் சீனாக்காரர் என்றாலே வில்லன் என்றிருந்த தேய்வழக்கைக் கிண்டல் செய்யத்தான் அப்படி எழுதினார் என்கிறார்கள், சரி. ஆனாலும் கழுத்தில் அப்பா பெயரோடு உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அந்த வரி கொஞ்சம் குத்தும்.

சிரில் ஹேரின் 'ஆன் இங்கிலீஷ் மர்டர்' அந்தக் குத்தலுக்கு மருந்து. 1951. ஹேர் என்பது புனைபெயர். வீடு இருந்த கட்டடத்தின் பெயரில் பாதி, வக்கீல் அறை இருந்த முற்றத்தின் பெயரில் பாதி எடுத்து ஒட்டியது. நிஜத்தில் 1950 முதல் கவுண்டி நீதிமன்ற நீதிபதி. கிறிஸ்துமஸ், பனியில் துண்டிக்கப்பட்ட பிரபுவின் மாளிகை, ஒரு விஷச் சாவு. வழக்கமான சாமான்கள்தான். ஆனால் முடிச்சை அவிழ்ப்பவர் டாக்டர் பாட்விங்க், யூத அகதி, வரலாற்று ஆய்வாளர். மாளிகையின் ஆவண அறையில் உட்கார்ந்து பதினெட்டாம் நூற்றாண்டுக் காகிதங்களைப் படித்துக்கொண்டிருப்பவர். மாளிகை ஆட்களுக்கு அவரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்றே தெரியவில்லை. மற்றவர்கள் பிறந்ததிலிருந்து சுவாசிக்கிற காற்று என்பதால் கவனிக்காத ஒன்றை, வெளியாள் என்பதால் அவர் கவனிக்கிறார். ஆவண அறை, வெளியாள், பழைய காகிதம். என்னையே பார்த்து எழுதியது போலிருந்தது. மிதப்பில் இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தேன்.

அந்த மிதப்பில்தான் அது நடந்தது.

ஒரு பெண் வந்திருந்தார், ஈழத்துக் குடும்பம். அவருடைய அப்பா எங்கள் அலுவலகத்தில் உயில் எழுதி வைத்திருந்தார், இப்போது காலமாகிவிட்டார். உயிலைப் பெற்றுப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று 1987இல் அலுவலகம் அனுப்பிய கடிதம் அவர் கையில். எண் எதுவும் அதில் இல்லை. கணினியில் தேடினேன், இல்லை. அந்த எழுத்துக்குரிய உயில் பெட்டிகள் மூன்றையும் கொட்டிப் பார்த்தேன், இல்லை. முன்னும் பின்னும் உள்ள பெட்டிகளிலும் இல்லை. அந்தப் பெண் வாரம் இருமுறை தொலைபேசியில் கூப்பிட்டார். கோபப்படாமல் கேட்டார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் துப்பறிய ஆரம்பித்தேன். உயில் கடைசியாக எப்போது இடம் மாறியிருக்கும்? 1996இல் பழைய பெட்டிகளையெல்லாம் புதிய பெட்டிகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது யார்? பதிவேட்டில் ஒரே ஒருவருடைய சுருக்கொப்பம். அலமாரியின் சொந்தக்காரர். வாய்ப்பு அவருக்கு இருந்தது, நேரம் பொருந்தியது. கண்ணியமான வார்த்தைகள் போட்டு, 96 மாற்றத்தின்போது தவறியிருக்கக்கூடும் என்று மேலாளருக்கு எழுதினேன். மேலாளர் அதை அவரிடமே காட்டிக் கேட்டிருக்கிறார். மறுநாள் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு தேநீர் போடப் போனார். அதுவரை தினமும் இரண்டு கோப்பை எடுப்பார்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் இரவு எட்டு மணி. வெளியே போகும் கதவில் அட்டையைக் காட்டினேன், கதவு திறக்கவில்லை. மறுபடி காட்டினேன். காவலர் அண்ணன் எழுந்து வந்து என் கழுத்தைப் பார்த்தார். "அப்பாவைப் போகச் சொல்லும் தம்பி, நீர் நில்லும்."

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. வந்த வழியே படியிறங்கி ஓடினேன்.

கடிதத்தில் அந்த மனிதரின் பெயர் யாழ்ப்பாணத்து வழக்கப்படி இருந்தது: அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர் என்ற இங்கிலாந்துக் கணக்கில் எல்லோரும் அவருடைய சொந்தப் பெயரில் தேடினோம். மகளும் அதையே குடும்பப் பெயராக வைத்திருந்தார், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் 1987இல் எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் 'உங்கள் குடும்பப் பெயர் என்ன' என்று கேட்டிருப்பார். விசா விண்ணப்பத்தில் நான் சொன்ன அதே பதிலைத்தான் அவரும் சொல்லியிருப்பார்.

அப்பா பெயரின் முதலெழுத்துப் பெட்டி. பழுப்பு உறை, ரோஸ் நாடா. இறக்கி எடுக்கப் பதினோரு நிமிடம் ஆனது. பழைய பேரேட்டிலும் அதே பெயர், அழகான கையெழுத்தில். கணினியில் ஏற்றியவர் அப்படியே ஏற்றியிருந்தார். 96இல் பெட்டி மாற்றியவரும் உள்ளதை உள்ளபடி, ஒரு உறை குறையாமல் மாற்றியிருந்தார். காகிதம் 34 வருடமாக வைத்த இடத்திலேயே இருந்தது. அந்த அலுவலகத்தில் இதைப் பார்த்த மாத்திரத்தில் யோசித்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான், மூன்று வாரம் ஆங்கிலேயக் குமாஸ்தா மாதிரி தேடியிருக்கிறேன்.

மேலாளர் 'நல்லது, நன்றி' என்று ஒரு வரி பதில் போட்டார். அந்தப் பெண் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தாத்தாவின்ர பேரிலயோ?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அலமாரிக்காரரிடம் போய் நின்றேன். எப்படித் தேடினேன், எங்கே கிடைத்தது, நடுவில் மேலாளருக்கு என்ன எழுதினேன் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒட்டுவதற்கு வைத்திருந்த பட்டைக்குறிகளை அவர் நேராக அடுக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும், என் மேசைமேல் கிடந்த பச்சைப் புத்தகத்தைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் படித்திருக்கிறீர்கள்?"

"பாதி தாண்டிவிட்டேன்."

"யார் என்று நினைக்கிறீர்கள்?"

சொன்னேன்.

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கெண்டியில் தண்ணீர் பிடித்தார். எத்தனை கோப்பை எடுக்கிறார் என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.