'கெட்' என்ற வினை: அர்த்தப் பட்டியலை மூடிவைத்த பிறகு

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, பிறகு நர்ஸிங் முடித்தவள் நான். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7 வேண்டும், எழுதுதலில் 6.5 போதும். முதல் தடவை பேசுதலில் 6.5தான் வந்தது.

அன்று நான் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் மனதில் நிற்கிறது: "லாஸ்ட் வீக் ஐ ரிமூவ்ட் மை டூத்." போன வாரம் பல் பிடுங்கிக்கொண்டேன் என்று சொன்னதாகவே நினைத்தேன். ஆங்கிலத்தில் அதற்கு, நானே என் பல்லைப் பிடுங்கினேன் என்று பொருள். "ஐ காட் மை டூத் ரிமூவ்ட்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் 'காட்', 'கெட்' என்பதன் இறந்தகால வடிவம். 'கெட்' எனக்குத் தெரியாத வினை அல்ல. பெறு, வாங்கு, அடை, ஆகு, புரிந்துகொள் என்று இருபதுக்கும் மேற்பட்ட அர்த்தங்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பேசும்போது ஒன்றுகூட வாயில் வரவில்லை. இரண்டாம் தடவை அந்தப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, 'கெட்'டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று மட்டும் பார்த்தேன்.

ஒரு பொருளின் பெயர் வந்தால் கிடைப்பது அல்லது வாங்குவது. இடம் வந்தால் போய்ச் சேர்வது. இவை சீக்கிரம் பிடிபட்டுவிடும். பெயரடை வரும் இடத்தில்தான் நிதானம் வேண்டும். "ஐ வாஸ் டயர்ட்" என்றால் களைப்பாக இருந்தேன். "ஐ காட் டயர்ட்" என்றால் களைத்துப்போனேன். தமிழில் இவ்விரண்டையும் நாம் குழப்புவதே இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் இரண்டுக்கும் 'வாஸ்' போட்டுவிடுகிறோம். ஷிப்ட் மாறும்போது "ஹீ காட் வொர்ஸ் ஆஃப்டர் மிட்நைட்" என்றால், நள்ளிரவுக்குப் பிறகுதான் அவர் நிலை மோசமானது என்று அடுத்து வருபவருக்குத் தெரியும்.

என் பல் வாக்கியத்துக்கு வருகிறேன். முடி வெட்டிக்கொண்டேன், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன் என்று தமிழில் சொன்னால், செய்தவர் வேறொருவர் என்று கேட்பவரே புரிந்துகொள்வார். அந்தக் 'கொண்டேன்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'காட்' செய்கிறது. அதன் பின் பொருள், அதற்கும் பின் வினையின் மூன்றாம் வடிவம்: "ஐ காட் மை ஹேர் கட்." வரிசை மாறக்கூடாது.

செய்பவரையும் சேர்த்தால் 'டு' வேண்டும்: "வீ காட் ஹிம் டு சைன் தி ஃபார்ம்." 'மேக்' போட்டால் 'டு' கிடையாது: "வீ மேட் ஹிம் சைன்." முதலாவது, எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினோம் என்பது. இரண்டாவதில் வற்புறுத்தல் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தைப் பற்றிப் பேசும்போது இது சின்ன வேறுபாடு அல்ல.

பஸ்ஸிலிருந்து இறங்குவதை நம் ஊரில் 'கெட் டவுன்' என்போம். பிரிட்டனில் அது 'கெட் ஆஃப்'. எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானம் என்றால் 'ஆன்', 'ஆஃப்'. குனிந்து ஏறும் கார் என்றால் 'இன்', 'அவுட்'. இந்த ஒரு கணக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

எழுத்துத் தேர்வில் 'கெட்'டைக் குறைத்துக்கொள்ளுங்கள். 250 சொல் கட்டுரைக்கு 'ரிசீவ்', 'ஆப்டெய்ன்', 'பிகம்' பொருந்தும். அதே 'ஆப்டெய்ன்' பேச்சில் விறைப்பாக ஒலிக்கும். ஒரு கப் டீயை யாரும் 'ஆப்டெய்ன்' செய்வதில்லை.

பயிற்சிக்கு நான் செய்தது இதுதான்: தினமும் டியூட்டி முடிந்ததும் அன்று நடந்ததை 'கெட்' வைத்து ஐந்து வாக்கியங்களாகப் போனில் பேசிப் பதிவு செய்து, மறுநாள் கேட்பேன். "ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு வொர்க்கிங் நைட்ஸ்" என்பதில் 'டு'வுக்குப் பிறகு 'வொர்க்கிங்' வரவேண்டும். என் வாயில் 'வொர்க்' என்றே வந்துகொண்டிருந்தது. அது யோசிக்காமல் சரியாக வர மூன்று வாரம் ஆனது. இரண்டாம் தடவை பேசுதலில் 7 வந்தது.