மிளகு எதை மிச்சம் வைக்கிறாள்

மார்ச் 9, 2025, ஞாயிறு

எங்கள் முயல் மிளகு, காலையில் வைத்த பொன்னாங்காணியைத் தண்டுகூட விடாமல் தின்றுவிட்டாள். காய்ந்த புல் மட்டும் இரவு வைத்தபடியே கிடக்கிறது. அம்மம்மாவின் தீர்ப்பு உடனே வந்தது: "செல்லம் கூடிவிட்டது, வாய்க்கு ருசி கேட்கிறது." அப்படியும் இருக்கலாம். இனிப்பைக் கண்டால் முயல் புல்லைத் திரும்பிப் பார்க்காது. அதனால்தான் இந்த வீட்டில் கரட் நகத்தளவு துண்டுக்கு மேல் போவதில்லை. ஆனால் இன்று கரட்டே கொடுக்கவில்லையே.

மார்ச் 10, திங்கள்

சமையலறைத் தராசில் 1,790 கிராம். போன வாரம் 1,840. கொழும்பு வெள்ளவத்தை வெயிலில் மனிதருக்கே சோறு இறங்குவதில்லை என்பதால், உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தேன். ஒட்டிப் படுத்தாள். புல்லை முகர்ந்தாள், ஒரு இழையை இழுத்தாள், கீழே போட்டாள்.

புழுக்கைகள் சிறுத்திருக்கின்றன. முயல் நோயை முகத்தில் காட்டாது. வேட்டையாடப்படும் பிராணிக்கு அதுதான் தற்காப்பு. ஆகவே நான் பார்ப்பது தட்டையும் கூண்டின் தரையையும்தான்.

மார்ச் 11, செவ்வாய்

குருணைத் தீனியை வாயில் எடுத்து, இரண்டு கடி கடித்து, உதிர்க்கிறாள். தாடைக்குக் கீழே மயிர் ஈரம். கங்குன் கீரை இலையை மட்டும் மெதுவாக மெல்கிறாள். மெத்தென்றது உள்ளே போகிறது, அரைக்க வேண்டியது வெளியே வருகிறது. பசி இருக்கிறது, வாய்தான் மறுக்கிறது. மிருக வைத்தியருக்கு இதே வரிசையில் சொன்னேன். "நாளைக்கே கொண்டு வாருங்கள், மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை" என்றார்.

மார்ச் 12, புதன்

மயக்க மருந்து என்றதும் அம்மம்மா தட்டை எடுத்துவிட்டார். அவருக்குக் கண் சத்திரசிகிச்சை செய்தபோது வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களாம். முயலுக்கு அது நேர்மாறு. அதற்கு வாந்தி எடுக்க முடியாது, குடலோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பட்டினி போட வேண்டியதில்லை. கண் விழித்ததும் தின்பதற்கு ஒரு பை கீரையும் கொண்டுவரும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். ஆட்டோவில் என் மடியில் ஒரு பக்கம் கூடை, மறுபக்கம் வல்லாரைக் கட்டு.

காது பார்க்கும் விளக்குக் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஓரம் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருக்கிறது. முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் தேயும். பல் வலித்தால் புல்லைத் தின்னாது, புல்லைத் தின்னாவிட்டால் பல் தேயாது. முள்ளை அராவி, வலிமருந்து தந்து, மாலையில் அனுப்பிவிட்டார்.

மார்ச் 13, வியாழன், போயா

தானாக எதையும் தொடவில்லை. ஊறவைத்து மசித்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். பாதி என் சட்டையில். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரம். குடல் நின்றுவிட்டால் மீட்பது கடினம். நடுப்பகலில் நாலைந்து புழுக்கைகள் கண்டேன். இவ்வளவு மகிழ்ச்சியோடு யாரும் புழுக்கை பொறுக்கியிருக்க மாட்டார்கள்.

மாலையில் சித்தி, பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்துப் பாணியோடு வந்து நின்றார். நல்ல மனம்தான். ஆனால் அந்த மருந்து வாய்வழி போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, உயிருக்கே ஆபத்தாகும். தேநீர் கொடுத்து, போத்தலை அவர் கைப்பையிலேயே திரும்ப வைத்தேன்.

மார்ச் 15, சனி

விடியற்காலையில் கூண்டிலிருந்து கரகர சத்தம். புல்! முதலில் மெல்லிய இழைகள், பிறகு தடித்த தண்டு. எடை 1,770.

இறக்குமதியாகும் திமோதி புல் விற்கும் விலைக்கு எங்களுக்கே மீன் வாங்கலாம். பொரலஸ்கமுவப் பக்கம் மாடு வளர்க்கும் ஒருவர் கினியாப் புல் அறுத்துத் தருகிறார். மொட்டைமாடியில் உலர்த்திக் கலந்து வைக்கிறேன். காலி நகருக்குப் போகும் காலி வீதி ஓரத்துப் புல் வேண்டாம்: பஸ் புகை, நாய் மூத்திரம். குருணைத் தீனி இனி ஒரு கிலோ எடைக்கு 25 கிராமுக்கு மேல் இல்லை. வயிறு தீனியால் நிறைந்தால் புல்லுக்கு இடம் ஏது?

பல்முள் மறுபடியும் வளரக்கூடும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அடுத்த சனி எடை 1,800ஐத் தொடாவிட்டால் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அம்மம்மா இப்போது தராசை என்னிடம் தருவதில்லை. எடை பார்ப்பது அவர் வேலையாகிவிட்டது.