ஒன்டூ சார்பும் கன்னியாக் கிணறுகளும்

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டுக் கம்பஸுக்குப் போனவன் நான். அங்கே எல்லாம் ஆங்கிலம். முதல் செமஸ்டரில் 'சர்ஜெக்டிவ்' என்று பலகையில் எழுதினார்கள். எனக்குச் சர்ஜரிதான் நினைவுக்கு வந்தது. பூர்பாக்கி என்ற பொதுப்பெயரில் எழுதிய பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் புழக்கத்தில் விட்ட சொல் அது. 'சூர்' என்றால் பிரெஞ்சில் 'மேல்'. நாங்கள் 'ஒன்டூ' என்போமே, அதேதான்.

எனக்கு இது புரிந்தது திருகோணமலைக்கு லீவில் வந்து, வீட்டாரோடு கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனபோது. அங்கே 7 கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கிணற்றில் மட்டும் குளிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் சார்பு. (அம்மம்மா ஏழிலும் அள்ளி ஊற்றினார், அவர் கணக்கில் இல்லை.) ஆட்கள் ஆட்சி (சார்பு புறப்படும் பக்கம்), கிணறுகள் இணையாட்சி (போய்ச் சேரும் பக்கம்). எந்தக் கிணறும் சும்மா கிடக்காவிட்டால் ஒன்டூ. எந்தக் கிணற்றிலும் இரண்டு பேர் முட்டிக்கொள்ளாவிட்டால் ஒன்றுக்கொன்று. இரண்டும் சேர்ந்தால் பைஜெக்டிவ். 5 பேர் போனால் ஒன்டூவுக்கு வழியே இல்லை. 9 பேர் போனாலும் எல்லாரும் சூடு குறைந்த கிணற்றையே சுற்றி நின்றால் அதுவும் ஒன்டூ இல்லை.

இவ்வளவும் விளங்கியும் சோதனையில் கோட்டைவிட்டேன். எண்ணை இரட்டித்து ஒன்றைக் கூட்டும் சார்பு, ஒன்டூவா என்று கேள்வி. ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் பழைய எண் வந்துவிடும், ஆகவே ஒன்டூ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஆனால் கேள்வியில் இரண்டு பக்கமும் முழு எண்கள். 4 வர வேண்டுமானால் ஒன்றரையைக் கொடுக்க வேண்டும், ஒன்றரை முழு எண் இல்லையே! அதே சூத்திரம் மெய்யெண்களில் ஒன்டூதான்.

ஆகவே தம்பி தங்கச்சிமார், சூத்திரத்தைப் பார்க்கும் முன் ஆட்சியையும் இணையாட்சியையும் வட்டமிடுங்கள். ஒன்டூ என்று நிறுவ, இணையாட்சியிலிருந்து ஏதாவது ஓர் உறுப்பை எடுங்கள், அதற்கு வந்து சேரும் எண்ணைக் கண்டுபிடியுங்கள், அந்த எண் ஆட்சிக்குள் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியைத்தான் நான் விட்டேன். இல்லை என்று காட்ட இவ்வளவு பாடு வேண்டாம், அகப்படாத ஓர் உறுப்பைக் காட்டினால் சரி. வர்க்கமெடுக்கும் சார்பு மெய்யெண்ணிலிருந்து மெய்யெண்ணுக்கு என்றால் −1 போதும். இணையாட்சியைப் பூச்சியமும் நேர் எண்களும் என்று சுருக்கினால் அதுவே ஒன்டூ ஆகிவிடும்.

அப்புறம், எண்ணிக்கைக் கேள்வியும் வரும். 3 பேரை 2 கிணறுகளுக்கு அனுப்ப 8 வழி, ஒன்டூ ஆனவை 6. கழிபட்ட அந்த இரண்டும் எவை என்று கொப்பியில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள்.