பதினொரு பொன்னாடைகள்

போகிக்கு முந்தைய நாள் பீரோவின் மேல்தட்டை ஒழித்தபோது பதினொரு பொன்னாடைகள் கிடைத்தன. பள்ளி ஆண்டு விழா, நூலக வாசகர் வட்டம், நண்பர்களின் நூல் வெளியீடு என்று பத்து ஆண்டுகளாக நான் ஏறிய சின்னஞ்சிறு மேடைகளின் மிச்சம் அவை. ஒன்றில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. இன்னொன்று எனக்கு முன்பே வேறு யார் தோளிலோ ஏறி இறங்கியது என்பதை மடிப்பில் உலர்ந்துபோயிருந்த சந்தனக் கறை காட்டிக்கொடுத்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இரண்டை எடுத்து நீட்டினேன். அவர் விரலிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது தண்ணிய உறிஞ்சாதுங்க சார், தொடைக்கக்கூட ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். போர்த்தினால் குளிர் தாங்காது, விரித்தால் வழுக்கும், ஜரிகை கழுத்தை அறுக்கும். புகைப்படம் எடுக்கும் அரை நிமிடத்துக்கென்றே நெய்த துணி அது. படம் எடுத்து முடிந்ததும் நாமே கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறோம்.

வீண்பெருமை என்ற சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். தமிழில் பெருமை என்ற ஒரே சொல் ஒருவரிடம் உள்ள மேன்மையையும் குறிக்கிறது, அது தம்மிடம் இருப்பதாக அவர் எண்ணிப் பூரிப்பதையும் குறிக்கிறது. பெருமிதத்தின் கதையும் இதுவே. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அதை எண்ணும் தொல்காப்பியம், கல்வி, தறுகண் என்கிற அஞ்சாமை, புகழ், கொடை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. நிமிர்ந்து நிற்பவனின் காலுக்கடியில் தரை வேண்டும் என்பது அதன் கணக்கு. திருக்குறளின் பெருமை அதிகாரத்திலோ அதே பெருமிதம் செருக்காகிவிடுகிறது. 'பணியுமாம் என்றும் பெருமை சிறுமை அணியுமாம் தன்னை வியந்து' என்ற குறளைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவன்தான் நான். ஆனாலும் 'அணியுமாம்' என்ற வினை, அந்தத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. அங்கே விழாக் குழு இல்லை, தலைவர் இல்லை. போர்த்துகிறவனும் போர்த்திக்கொள்கிறவனும் ஒருவனே.

தமிழ் விவிலியத்தில், பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், வீண்பெருமை என்று வருகிற இடத்தில் கிரேக்க மூலத்தின் சொல் 'கெனொடொக்ஸியா'. 'கெனோஸ்' என்றால் காலி. 'டொக்ஸா'வுக்குப் புகழ் என்பதோடு எண்ணம், அபிப்பிராயம் என்ற பொருளும் உண்டு. எகிப்தியப் பாலைவனத்தில் தவம் இருந்த கிறித்தவத் துறவி எவாகிரியுஸ் 4-ஆம் நூற்றாண்டில் வகுத்த எட்டுத் தீய எண்ணங்களில் வீண்பெருமை ஏழாவது, செருக்கு எட்டாவது. இரண்டையும் பிரித்தது சரி என்றே எனக்குப் படுகிறது. செருக்குள்ளவனுக்கு ஊரார் தேவையில்லை, தன்னை அளக்கத் தானே போதும். வீண்பெருமைக்காரனுக்கோ பார்ப்பதற்கு நாலு பேர் இல்லையென்றால் மூச்சு முட்டும். அழைப்பிதழ் கைக்கு வந்ததும், நாளையும் இடத்தையும் பார்ப்பதற்கு முன்பே தன் பெயர் எந்த வரியில், எத்தனை பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது என்று தேடுகிற ஆளை எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

அந்தப் பாலைவனத்துத் துறவிகளிடம் பாடம் கேட்ட யோவான் காசியன், 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில், வீண்பெருமையை அவர்கள் வெங்காயத்துக்கு ஒப்பிட்டதைச் சொல்கிறார்: ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். நல்ல உடையைக் காட்டி ஒருவனை வீழ்த்த முடியாவிட்டால், அவனுடைய கந்தல் உடையைக் காட்டி வீழ்த்தப் பார்க்குமாம்.

இதைப் படித்துச் சிரித்தவன், தை பிறந்த பிறகு நடந்த ஒரு விழாவுக்கு, "பொன்னாடை வேண்டாம், ஒரு புத்தகம் போதும்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். தொகுப்பாளர் அதைச் சும்மா விடவில்லை. "பொன்னாடையையே மறுத்த எளிமையின் சிகரம்" என்று அவர் ஒலிபெருக்கியில் முழங்கியபோது எழுந்த கைதட்டல், பதினொரு பொன்னாடைகளுக்கும் சேர்த்துக்கூட எனக்குக் கிடைத்ததில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவு படத்தில் எப்படி விழும் என்ற யோசனையும் உள்ளே ஓடியது. வீட்டுக்கு வந்து விழாவின் காணொளியில் அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். அவர்கள் கொடுத்த புத்தகத்தின் வண்ணத்தாளை இன்னும் பிரிக்கவில்லை.