சிட்டி விடெக்குக்கு ஒரு ஹெடர்: மூன்று முறை வெட்டி ஒட்டிய கதை

பொங்கல் லீவில் ஆரம்பித்த வேலை. தீபாவளியும் தாண்டிவிட்டது. ஹெடர் என்றால் எஞ்சினின் நாலு சிலிண்டர் புகையையும் நாலு பைப்பில் வாங்கி ஒன்றாகச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுப்பு. நாலு பைப்பை வளைத்து ஒன்றாகச் சேர்க்க இவ்வளவு நாளா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 2000-இல் வந்தபோதே 106 பிஎச்பி. அடுத்து 2003-இல் வந்த புதுச் சிட்டியில் 77தான். அதனால் பழசை விடாமல் கட்டிக்கொண்டு அழும் கூட்டம் ஒன்று கோயமுத்தூரில் இன்னும் இருக்கிறது. நானும் அதில் ஒருவன். எஞ்சின் 1493 சிசி, 75 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 84.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் ரேடியேட்டரைப் பார்த்து முன்னால் இருக்கும். ஹெடருக்குப் பதிலாகக் கம்பெனி கொடுத்த புகைக்குழாய், அதாவது மேனிஃபோல்ட், வார்ப்பிரும்பு. கனமும் அதிகம், உள்ளே பாதையும் குட்டை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டும் நாளுக்கு மட்டும். கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. வண்டிக்கும் பதினைந்து வயது தாண்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்கிற நிலைமை. ஆகவே பழைய மேனிஃபோல்ட் பத்திரமாக மரப்பெட்டியில் இருக்கிறது. டிராக் நாளில் வண்டி ரெக்கவரி லாரியில்தான் போகும், வரும்.

நான் செய்ய நினைத்தது 4-2-1 ஹெடர்: நாலு பைப் இரண்டாகி, இரண்டும் ஒன்றாகும் வகை. சிலிண்டர் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றுக்கும் நாலுக்கும் இடையே ஒரு முழுச் சுற்று இடைவெளி. இரண்டுக்கும் மூன்றுக்கும் அதே மாதிரி. அந்த ஜோடிகளை முதலில் சேர்த்தால் ஒன்றின் புகை இன்னொன்றின் வழியை அடைக்காது. நீளத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. எக்ஸாஸ்ட் வால்வ், பிஸ்டன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு எத்தனை டிகிரி முன்னால் திறக்கிறதோ அதை 180-உடன் கூட்டி, 850-ஆல் பெருக்கி, எந்த ஆர்பிஎம்மில் பலன் வேண்டுமோ அதால் வகுத்து, 3 கழித்தால் அங்குலக் கணக்கில் நீளம் வரும். நான் 45 டிகிரி, 6000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டேன். ஏறக்குறைய 29 அங்குலம் வந்தது. அதில் 15 அங்குலம் முதல் நாலு பைப்புக்கு, மீதி 14 அடுத்த இரண்டுக்கு. இந்தக் கணக்கில் அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. அரை மி.மீ. போனால் ஆளைக் கொல்லும் இடம் வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மாதிரி எடுப்பது ஜாலியான வேலை. உக்கடத்தில் எடைக்குக் கிடைத்த ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதி) மேசையில் நிறுத்தி, ஃபில்லர் ராடை (வெல்டிங் கம்பி) வளைத்து ஒவ்வொரு பைப்பின் நடுக்கோட்டையும் பிடித்தேன். புகை கசியாமல் ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வைக்கும் புது கேஸ்கெட்டை ஸ்கேனரில் வைத்து, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் செய்து, அதன்மேல் ஃபிளாஞ்சை (பைப்புகளை ஹெட்டோடு போல்ட் போட்டுப் பிடிக்கும் தகடு) வரைந்தேன். அட்டையில் வெட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகு, 10 மி.மீ. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 தகட்டில் லேசர் கட்டிங் கொடுத்தேன். பைப்பும் 304, ஒன்றரை அங்குலம், 16 கேஜ் கனம்.

வெல்டிங் கோயமுத்தூர் கணபதி பகுதியில். அங்கே இருக்கும் அண்ணா ஆர்கான் வெல்டிங்கில் நல்ல கை. அழகாக மீன் செதில் மாதிரி அடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்து வந்து ஃபிளாஞ்ச் முகத்தில் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்தேன். நடுவில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு ஓரத்திலும் 0.70 மி.மீ. தகடு தாராளமாக உள்ளே போனது. வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது.

சரி, கிரைண்டிங்கில் சமன் செய்துவிடலாம் என்று ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன காந்தத்தை எடுத்து ஃபிளாஞ்சில் ஒட்டினார். கீழே விழுந்தது. "எஸ்எஸ்ஸை மெஷின் காந்தம் எப்படிங்க தம்பி பிடிக்கும்? அடியில பைப்பு வேற தொங்குது" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அப்புறம் மில்லிங் மெஷினில் கிளாம்ப் போட்டுத் தேய்த்தோம். அதிலும் ஒரு பாடம். வளைந்த தகட்டைக் கிளாம்பால் அமுக்கி நேராக்கித் தேய்த்தால், கழற்றியதும் அது பழையபடி வளைந்துகொள்ளும். அடியில் எங்கெங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே ஷிம் தகடு கொடுத்து, தகடு தன் இயல்பில் நிற்கும்போதே தேய்க்க வேண்டும். முதல் தடவை ஷிம் வைக்கவில்லை. எஞ்சினில் மாட்டிய மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் டிக். சூடானதும் சத்தம் நின்றுவிட்டது, நானும் விட்டுவிட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. டிராக்கில் பிராக்டிஸ் முடிந்து பார்த்தால் சைலன்சர் முனை கன்னங்கரேல் என்று இருக்கிறது, பெட்ரோல் வாடை வேறு. கசிவென்றால் புகை வெளியே வரும், அவ்வளவுதானே என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அந்த நொடியில் கசிவு வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கீழே இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியுவிடம் சொல்கிறது. ஈசியு இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது. வாக்குவம் கிளீனரை ஊதும் பக்கம் மாற்றி சைலன்சரில் சொருகி, ஃபிளாஞ்ச் ஓரம் சோப்புத் தண்ணீர் தடவியதும் நாலாம் போர்ட் (சிலிண்டரின் புகைத் துளை) அடியில் நுரை பொங்கியது.

மூன்றாவது கியரில் 60-லிருந்து 100 கி.மீ. வேகம் வரை எடுத்த நேரம், பத்து ஓட்டத்தின் சராசரி: பழைய மேனிஃபோல்டில் 7.1 வினாடி, இந்த ஹெடரில் 7.0. அந்த 0.1 என் கட்டைவிரலின் வேகமாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது ஹெடரில் ஃபிளாஞ்சை மைல்டு ஸ்டீலுக்கு மாற்றினேன். எஸ்எஸ் சூட்டில் அதிகம் விரியும், ஆறும்போது அதிகம் இழுக்கும். மைல்டு ஸ்டீல் அவ்வளவு ஆடாது. இரண்டையும் ஒட்ட 309 ஃபில்லர். 25 மி.மீ. கட்டித் தகட்டில் ஃபிளாஞ்சை போல்ட் போட்டு இறுக்கி, முதலில் குட்டையான நாலு துண்டுகளை மட்டும், 1, 3, 2, 4 என்று மாற்றி மாற்றி ஒட்டினோம். கையால் தொடும் அளவு ஆறும்வரை கழற்றவில்லை. பிறகு ஷிம் கொடுத்து மில்லிங். அதற்கப்புறம்தான் மீதி பைப்பு. இம்முறை 0.05 தகடுகூட நுழையவில்லை. அன்று ராத்திரி ஃபீலர் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன், யாரும் மதிக்கவில்லை.

இது மூன்று டிராக் நாள் தாங்கியது. நாலாவதில் 2-ம் 3-ம் சேரும் கவட்டையில் விரிசல். வெட்டிப் பார்த்தால் வெல்டிங்கின் உள்பக்கம் கருகிய வெல்லப்பாகு மாதிரி சொரசொரவென்று இருக்கிறது. சூடான உலோகத்தில் காற்று படாமல் இருக்க பைப்புக்குள்ளேயும் ஆர்கான் ஓட விடாததன் விளைவு. "சொன்னீங்கன்னா ரெண்டு லைன் போட்டிருப்பேன் தம்பி, சிலிண்டர் சீக்கிரம் தீரும், அவ்ளோதான்" என்றார் அண்ணா. சொல்லாதது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, பழைய மேனிஃபோல்டுக்குக் கீழே எஞ்சின் பிளாக்கோடு இணைக்கும் ஒரு தாங்கு பட்டையை வேண்டாத சுமை என்று கழற்றிப் போட்டது. எஞ்சின் ஒவ்வொரு தடவை முன்னும் பின்னும் ஆடும்போதும் முழு எக்ஸாஸ்ட்டும் அந்தக் கவட்டையில்தான் தொங்கியிருக்கிறது. இப்போது பட்டை திரும்ப வந்துவிட்டது. கீழ்ப் பைப்பில் வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாயான ஒரு ஃபிளெக்ஸி பெல்லோஸும் சேர்ந்திருக்கிறது. நேரம் 6.7 வினாடி.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். சிங்காநல்லூர் நண்பர் ஒருவர் அதே மாடல் வண்டிக்கு ஒன்று கேட்டார். என் ஹெடரைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று செய்தோம். அவர் வண்டியில் மாட்டினால் ரேடியேட்டர் ஃபேன் கூண்டில் முட்டுகிறது. அளவில் பிழையில்லை. அவர் முன்பக்க எஞ்சின் மவுன்ட் ரப்பர் நைந்து எஞ்சினே சற்று முன்னால் சாய்ந்து நிற்கிறது. இருபது வருட வண்டிகளில் ஒன்று இருப்பது போல் இன்னொன்று இருக்காது.

ஆகவே மூன்றாவது ஹெடருக்கு முன்னால் ஒரு ஜிக், அதாவது பைப்புகளைச் சரியான இடத்தில் பிடித்து ஒட்ட ஒரு சட்டம். கட்டித் தகட்டில் ஹெட்டின் போல்ட் துளைகள், கீழே டவுன்பைப் (கீழ்ப் பைப்) ஃபிளாஞ்சுக்கு ஒரு தூண், ஃபேன் கூண்டு எங்கே இருக்குமோ அங்கே 15 மி.மீ. தள்ளி இரண்டு ஆங்கிள். பைப்பு ஆங்கிளைத் தொட்டால் அந்த வளைவை வெட்டி எறிய வேண்டும். ஜிக் செய்யவே இரண்டு மாதம் போனது, ஹெடருக்கு ஆறே நாள். அடுத்த இரண்டு பைப்புகளைக் கீழே ஒட்டாமல், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஸ்பிரிங்கில் நிற்கும் ஸ்லிப் ஜாயின்ட்டாக விட்டோம். நண்பருக்குப் புது மவுன்ட்டும் வாங்க வைத்தேன், அதில் கொஞ்சம் மனஸ்தாபம்.

போன ஞாயிறு அவர் வண்டியில் மாட்டினோம். குளிர்ந்த எஞ்சினில் டிக் சத்தம் இல்லை. ஏசி போட்டு இருபது நிமிடம் ஓட விட்டோம், கூண்டு உருகவில்லை. ஸ்லிப் ஜாயின்ட்டில் மட்டும் லேசாகக் கரிக்கோடு தெரிகிறது. சென்சார் அதற்குக் கீழேதான் இருக்கிறது. கோட்டின் இரு பக்கமும் பெயிண்டில் புள்ளி வைத்திருக்கிறேன்; அடுத்த டிராக் நாள் முடிந்து கரி புள்ளியைத் தாண்டியிருந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.