அந்த ஒற்றைச் சாக்ஸ்

பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' ஓவியத்தில் எல்லோரும் முதலில் கொடியைத்தான் பார்ப்பார்கள். நேற்று ராத்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நான் கீழே இடது மூலையிலேயே நின்றுவிட்டேன். ஒரு பிணம். மேலே சட்டை மட்டும், கீழே ஒன்றுமில்லை, ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

அந்தப் பிணங்களைத் தாண்டித்தான் வருகிறாள் சுதந்திரம். ஒரு கருத்துக்குக் கொடுத்த பெண்ணுருவம். பழைய சிலை மாதிரிப் பக்கவாட்டு முகம், தலையில் புரட்சிக்காரர்களின் ஃபிரிஜியத் தொப்பி, எல்லாம் சரி. ஆனால் வெறுங்கால், கையில் துப்பாக்கி, அக்குளில் முடி! 1831இல் பாரிஸின் சலோன் ஓவியக் கண்காட்சியில் விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தது இதற்குத்தான். தேவதை என்றால் அழுக்குப் படக்கூடாதாம்.

இது 1789இன் பிரெஞ்சுப் புரட்சி இல்லை. 1830 ஜூலையில் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸைத் துரத்திய மூன்று நாட்கள். அதனால் பதவிக்கு வந்த லூயி பிலிப்பின் அரசே 3,000 ஃபிராங்குக்கு ஓவியத்தை வாங்கியது. அப்புறம்? கொஞ்ச காலத்திலேயே கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு வந்தது 1874இல்தான்.

2024இல் பழைய வார்னிஷை நீக்கி மறுபடி மாட்டினார்கள். இத்தனை காலம் மஞ்சள் என்று நினைத்த அவள் உடை, வெளிர் சாம்பல் நிறமாம்.