பெரிய போனை அங்குலத்தால் அளக்காதீர்கள்: கேலக்சி எஸ்24 அல்ட்ராவை வைத்து ஒரு கணக்கு

கடையில் பெரிய போன் வேண்டும் என்று கேட்டால் முதலில் காதில் விழுவது அங்குலக் கணக்குதான். 6.7, 6.8, 6.9 என்று அடுக்குவார்கள். அந்த எண் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை உள்ள நீளம், அவ்வளவே. ஒரு வரியில் எத்தனை எழுத்து கொள்ளும், கட்டைவிரல் மறுபக்கம் எட்டுமா, உள்ளங்கையில் அடங்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அகலத்தில் இருக்கிறது. அந்த அகலத்தை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

2011 செப்டம்பரில் பெர்லின் ஐஎஃப்ஏ கண்காட்சியில் சாம்சங் முதல் கேலக்சி நோட்டை அறிமுகப்படுத்தியது. 5.3 அங்குலத் திரை, 1280 × 800 புள்ளிகள் (பிக்சல்). அந்தக் காலத்தில் அது பூதாகரமான போன். அதன் திரை அகலத்தைக் கணக்குப் போட்டால் 71.3 மி.மீ. வருகிறது. 2024 ஜனவரியில் வந்த எஸ்24 அல்ட்ராவுக்கு 6.8 அங்குலம், 3120 × 1440 புள்ளிகள். இதன் அகலம் 72.4 மி.மீ. மூலைவிட்டம் ஒன்றரை அங்குலம் கூடியும் அகலம் கூடியது 1 மி.மீ.தான். வளர்ந்ததெல்லாம் உயரம்: 114 மி.மீ. இருந்தது 157 ஆகிவிட்டது.

எந்தப் போனுக்கும் இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இரண்டு புள்ளி எண்ணிக்கைகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அல்ட்ராவுக்கு அது 3436. சிறிய எண்ணான 1440ஐ அதனால் வகுத்து, 6.8ஆல் பெருக்கினால் 2.85 அங்குலம். அதை 25.4ஆல் பெருக்கினால் மி.மீ. கணக்கில் அகலம் கிடைத்துவிடும்.

இதே கணக்கை எஸ்24 பிளஸுக்குப் போடுங்கள். 6.7 அங்குலம், அதே 3120 × 1440. திரை அகலம் 71.3 மி.மீ. ஆனால் பிளஸின் எடை 196 கிராம், அல்ட்ராவின் எடை 232 கிராம். மொத்த உடம்பின் அகலம் பிளஸுக்கு 75.9, அல்ட்ராவுக்கு 79. அதாவது 1 மி.மீ. திரைக்காகக் கையில் 3 மி.மீ. அகலமும் 36 கிராம் எடையும் கூடுதலாகச் சுமக்கிறோம். திரை பெரிதாக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அல்ட்ரா வாங்குவது வீண்செலவு என்று சொல்வேன். அதை வாங்கக் காரணம் வேறு இருக்க வேண்டும்: கூடவே வரும் எஸ் பென் பேனா, எதிரொளியைக் குறைக்கும் திரைக் கண்ணாடி, தொலைதூரக் கேமரா. இவற்றில் ஒன்றாவது உங்களுக்குத் தினமும் பயன்பட வேண்டும்.

படிப்பதற்கு வருவோம். பெரிய திரை வாங்குகிறவர்களில் பலர் பிடிஎஃப் படிக்கத்தான் வாங்குகிறார்கள். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. அதை 72.4 மி.மீ.க்குள் அடக்கினால் எழுத்து 34 சதவீதமாகச் சுருங்கிவிடும். அச்சு அளவில் 11 புள்ளி (பாயின்ட்) எழுத்து 4 புள்ளியைக்கூடத் தொடாது. தமிழில் இது இன்னும் கொடுமை. ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், அந்த அளவில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். போனைப் படுக்க வைத்தால் அகலம் 157 மி.மீ. ஆகிறது. ஏ4 பக்கம் 75 சதவீத அளவில் வரும், எழுத்து 8 புள்ளி, வசதியாகப் படிக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும், தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும்.

ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் ஏ4ஐ விடச் சிறியவை. 140 மி.மீ. அகலப் பக்கம் என்று வைத்துக்கொண்டால், நிமிர்த்திப் பிடித்தபடியே பாதி அளவுக்கு மேல் தெரியும். நான்கு பக்க வெற்று ஓரத்தையும் வெட்டிவிடும் வசதியுள்ள பிடிஎஃப் செயலியைப் போட்டுக்கொண்டால் எழுத்துப் பகுதி மட்டும் திரையை நிரப்பும். 105 மி.மீ. எழுத்துப் பகுதி 69 சதவீதத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பெரிய திரையின் முழுப் பயனும் இங்கேதான் கிடைக்கிறது.

இன்னொன்று. இந்தப் போன் பெட்டியிலிருந்து வரும்போது முழுத் துல்லியத்தில் இயங்குவதில்லை. 2340 × 1080 என்ற அளவில்தான் வைத்திருப்பார்கள். செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, ஸ்கிரீன் ரெசல்யூஷன் போய் கியூஎச்டி பிளஸ் என்று மாற்றுங்கள். அங்குலத்துக்கு 505 புள்ளிகள் முழுதாக வேலை செய்யும். வீடியோவில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். பொடி எழுத்துத் தமிழில் சுழிகளும் கொக்கிகளும் தெளிவாவது கண்ணுக்குத் தெரியும்.

வீடியோவில் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. திரை 19.5:9 விகிதம், யூடியூபில் பெரும்பாலானவை 16:9. போனைப் படுக்க வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 14 மி.மீ. கறுப்புப் பட்டை விழும். 6.8 அங்குலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு 5.8 அங்குலத்தில் பார்க்கிறோம். விரலால் விரித்துத் திரையை நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும், சப்டைட்டில் போய்விடும்.

தட்டச்சில் ஒவ்வொரு மி.மீ.க்கும் மதிப்பு உண்டு. ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசையில் 10 எழுத்து, ஆளுக்கு 7.2 மி.மீ. கிடைக்கிறது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில், கணினி வரிசையை அப்படியே வைத்திருக்கும் செயலிகளில் மேல் வரிசையில் 12 எழுத்து. அல்ட்ராவில் ஒரு விசைக்கு 6 மி.மீ. 6.2 அங்குல எஸ்24இல் அது ஐந்தரை. இந்த அரை மி.மீ. சிறியதாகத் தோன்றும், ஆனால் ‘ன’ அடிக்கப்போய் பக்கத்திலுள்ள ‘ற’ விழுவது இதில்தான் குறைகிறது. தமிழ்99இல் நிறைய எழுதுகிறவர்களுக்குப் பெரிய திரை ஆடம்பரமே அல்ல. கடையில் டெமோ போனைத் தொட விட்டால் கேம் ஓட்டிப் பார்க்காதீர்கள். குறிப்பேட்டைத் திறந்து இரண்டு கைக் கட்டைவிரலாலும் நான்கு வரி அடித்துப் பாருங்கள்.

உடம்பு அமைப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. 162.3 × 79 × 8.6 மி.மீ. அளவுள்ள கட்டையின் நான்கு மூலைகளும் கூர்மையானவை. ஒரு கையில் பிடிக்கும்போது போனின் கீழ் ஓரத்தைச் சுண்டுவிரலால் தாங்குவது பலருக்கும் பழக்கம். 232 கிராமும் அந்த ஒரு விரலில் இறங்கும், கீழ்மூலை உள்ளங்கையைக் குத்தும். கவர் போட்டால் குத்துவது நிற்கும், எடை இன்னும் ஏறும். சாம்சங்குக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அடுத்து வந்த எஸ்25 அல்ட்ராவில் திரையை 6.9 அங்குலமாக்கியும் உடம்பின் அகலத்தை 77.6ஆகவும் எடையை 218 கிராமாகவும் குறைத்து, மூலைகளையும் உருட்டிவிட்டார்கள். பிடிப்புக்காக மட்டும் பார்த்தால் அது தெளிவான முன்னேற்றம்.

ஒரு கைப் பயன்பாட்டுக்கு மூன்று மாற்றங்களைச் செய்தே ஆக வேண்டும். முகப்புத் திரையில் எங்கே கீழ்நோக்கி இழுத்தாலும் அறிவிப்புப் பலகை இறங்கும்படி ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் முகவரிப் பட்டையைக் கீழே கொண்டுவாருங்கள், சாம்சங் இன்டர்நெட்டில் அந்த வசதி இருக்கிறது. அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸில் ஒன் ஹேண்டட் மோடை ஜெஸ்ச்சர் முறையில் போட்டுவிட்டால், கீழ் ஓரத்தின் நடுவில் விரலைக் கீழ்நோக்கி இழுத்ததும் முழுத்திரையும் சுருங்கி ஒரு பக்கம் வரும்.

கண்ணாடிதான் இந்தப் போனின் உண்மையான சிறப்பு. கார்னிங்கின் கொரில்லா ஆர்மர், எதிரொளியை 75 சதவீதம் வரை குறைப்பதாகச் சொல்கிறார்கள். கடையின் டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்று, அல்ட்ராவையும் பிளஸையும் திரையை அணைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். பிளஸில் டியூப் லைட் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று விழும். அல்ட்ராவில் அதே கோடு மங்கி, லேசான நிறத்தோடு தெரியும். உச்சிவெயிலில் வெளியே நின்று வேலை செய்கிறவர்களுக்கு, திரை எவ்வளவு பிரகாசம் என்ற எண்ணைவிட இது அதிகம் உதவும்.

இதை வாங்கியவர்களில் நிறையப் பேர் செய்வது என்ன? அன்றைக்கே நூறு ரூபாய் டெம்பர்டு கிளாஸ் ஒட்டிவிடுகிறார்கள். எதிரொளியைத் தடுக்கும் பூச்சு கண்ணாடியின் வெளிப்பரப்பில் இருக்கிறது. அதன்மேல் சாதாரணக் கண்ணாடியை ஒட்டினால், வெளிச்சம் இனிமேல் படப்போவது அந்தச் சாதாரணக் கண்ணாடியில். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். போட்ட காசு அங்கேயே போய்விட்டது. ஒட்டியே ஆக வேண்டுமென்றால் எதிரொளி தடுப்புள்ள ஃபிலிமைக் கேட்டு வாங்குங்கள்.

டெம்பர்டு கிளாஸால் இன்னொரு தொல்லை கைரேகை. இதில் இருப்பது அல்ட்ராசோனிக் சென்சார். ஒலியலை கண்ணாடி வழியாகப் போய் விரலைத் தொட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் காற்று இருந்தால் அலை அங்கேயே திரும்பிவிடும். ஓரத்தில் மட்டும் பசையுள்ள கண்ணாடிகளில் கைரேகை வேலை செய்யாததற்குக் காரணம் இந்தக் காற்று இடைவெளி. முழுப் பசையுள்ளதை ஒட்டி, செட்டிங்ஸில் டச் சென்சிட்டிவிட்டியைப் போட்டு, பழைய ரேகையை அழித்துப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். எஸ்23 அல்ட்ராவின் வளைந்த திரையில் கண்ணாடி ஓரம் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். எஸ்24 அல்ட்ராவின் திரை தட்டை, அதனால் அந்தத் தலைவலி இல்லை.

தட்டைத் திரையால் பேனாவுக்கும் லாபம். வளைவில் எழுதும்போது நுனி வழுக்கி ஓடுவது போய், ஓரம்வரை எழுத முடிகிறது. எஸ் பென் எழுதுவதற்குப் பேட்டரி வேண்டியதில்லை, திரைக்கு அடியிலுள்ள தகடு உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்தே சக்தி எடுத்துக்கொள்கிறது. தூரத்திலிருந்து பொத்தானை அழுத்திப் படமெடுக்கும் புளூடூத் வேலைக்குத்தான் சார்ஜ் வேண்டும். எஸ்25 அல்ட்ராவில் அந்தப் புளூடூத்தையே எடுத்துவிட்டார்கள். பேனாவை ரிமோட்டாகப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேனாக் கோடு ஓரிடத்தில் மட்டும் உடைந்து போகிறதா? போனைச் சர்வீஸுக்குக் கொண்டுபோகுமுன் கவரைக் கழற்றிப் பாருங்கள். புத்தகம்போல மூடும் கவரிலும், பின்னால் ஒட்டும் வளையத்திலும், கார் ஸ்டாண்டுக்கான தகட்டிலும் காந்தம் இருக்கும். அது அந்தப் புலத்தைக் கலைத்துவிடும். கவர் இல்லாமல் மேசையில் வைத்து எழுதினால் வேறு சிக்கல்: கேமரா வளையங்கள் ஒரு பக்கமாகப் புடைத்திருப்பதால் போன் தடக் தடக்கென்று ஆடும். வளையங்களின் உயரத்துக்குச் சமமாகத் தடித்த, காந்தமில்லாத கவர்தான் இதற்குச் சரி.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக: 200 மெகாபிக்சல் என்பது 16 புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் வழக்கமாக வரும். எஸ்23 அல்ட்ராவில் இருந்த 10 மடங்கு லென்ஸுக்குப் பதில் இதில் 50 மெகாபிக்சலில் 5 மடங்கு லென்ஸ். மேடை நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கு இந்த 5 மடங்குதான் அதிகம் கைகொடுக்கும்.

மெமரி கார்டு போடவும் ஹெட்போன் ஜாக் செருகவும் இடமில்லை. சார்ஜரும் பெட்டியில் வராது. 45 வாட் வேகம் வேண்டுமென்றால் பிபிஎஸ் (போன் கேட்கும் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றித் தரும்) வசதியுள்ள சார்ஜரோடு 5 ஆம்பியர் கேபிளும் வேண்டும், 3 ஆம்பியர் கேபிளைச் செருகினால் வேகம் 25 வாட்டுக்கு இறங்கிவிடும். சரியான ஜோடி என்றால் திரையில் ‘சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங் 2.0’ என்று காட்டும்.

இந்தப் போனுக்கு ஏழு ஆண்டு அப்டேட் வாக்குறுதி இருப்பதால் பழையதாக வாங்குவதும் நியாயமான முடிவுதான். விற்பவர் எதிரிலேயே டயலரில் *#0*# அடியுங்கள், சோதனைப் பலகை திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுத்திரையில் போட்டு, மேலே மணிகாட்டும் இடத்திலும் கீழே விசைப்பலகை இருக்கும் இடத்திலும் நிழல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் திரை தேய்ந்திருக்கிறது. டச் பகுதியில் எல்லாக் கட்டங்களையும் விரலால் நிரப்புங்கள், ஓரக் கட்டங்களைத் தவறவிடாதீர்கள். பேனாவுக்கான சோதனையை அதே பேனாவை வைத்துத் தனியாகச் செய்யுங்கள், விரல் தொடுதலும் பேனாவும் வெவ்வேறு அடுக்குகளில் நடக்கின்றன. விரலுக்கு எல்லாம் சரியாக இருந்து பேனாவுக்கு ஒரு பட்டை மட்டும் செத்திருந்தால், கவரும் கழற்றியாகிவிட்டது என்றால், அந்தப் போனை விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். அந்த அடுக்கு திரையோடு சேர்ந்தே வருவதால், சரிசெய்ய மொத்தத் திரையையும் மாற்ற வேண்டியிருக்கும்.